இடது பின் மட்கார்ட்

காந்தத்தை வேம்புலியின் கையில் கொடுத்ததே ஜேசுராஜ்தான்.

"நீயே வச்சுப் பாரு. எங்க விழுதுன்னு சொல்லு" என்றார், கார் வாங்க வந்தவனிடம்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். தகரத்தில் ஒட்டும். அடிபட்ட பள்ளத்தைப் பட்டி பூசி மூடிப் பெயின்ட் அடித்திருந்தால் ஒட்டாமல் விழும். ஒன்பது வருடத்துக்கு முன் இந்த ஃபியட்டை வாங்கும்போது ஓர் அங்குலம் விடாமல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தார்.

ஆவடி ஃபேக்டரியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அதே வேலையை வீட்டில் சம்பளமில்லாமல் செய்தார்.

எழுபதாம் வருடத்து வண்டி. மாற்றுவதா வேண்டாமா என்று ஒரு வருடமாகப் பேச்சு. முகப்பேரில் ஒரு பழைய மாருதி விலைக்கு நின்றது. ஃபியட்டுக்கு அவர் நினைத்த விலை வந்தால் அதை வாங்கலாம். ஆயிரம் குறைந்தாலும் முடியாது.

விற்கச் சொல்லி நச்சரித்தவள் மனைவி ஞானகுமாரி. அதுதான் அவருக்கு இடித்தது.

நன்றாக ஓடுகிற வண்டியை இவள் ஏன் விரட்டுகிறாள்? இரண்டு வருடமாக அதில் ஏறுவதுகூட இல்லை. சர்ச்சுக்கு நடந்தே போகிறாள். கேட்டால் டாக்டர் நடக்கச் சொன்னாராம். எந்த டாக்டர்? பூந்தமல்லியில் அவள் தம்பிக்குப் பழைய கார் வியாபாரம். அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதாவது கணக்கு இருக்குமோ?

அதனால்தான் தம்பிக்குச் சொல்லாமல் அம்பத்தூரிலிருந்து வேம்புலியை வரவழைத்திருந்தார்.

வேம்புலி பானெட்டில் வைத்தான். ஒட்டியது. நான்கு கதவுகளிலும் ஒட்டியது. ஜேசுராஜ் மீசையைத் தடவிக்கொண்டார்.

இடது பின் மட்கார்டில் காந்தம் பொத்தென்று விழுந்தது.

மறுபடி வைத்தான். மறுபடியும் விழுந்தது.

"இன்னா சார், ஒரு கிலோ பட்டி கீது போல? மூவாயிரம் கொறைச்சிக்க. யோசிச்சு வை, பீடி பத்தவச்சிகினு வர்றேன்."

அவன் தெருமுனைக்குப் போனான். ஜேசுராஜுக்கு வேர்த்துவிட்டது. இந்த வண்டியின் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

ஒரே ஒரு நாள்தான் அது கை மாறியது. இரண்டு வருடத்துக்கு முன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் விழுந்தவரை இதே வண்டியில்தான் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டேவிட் இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆக, டேவிட்!

பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பியபோது வண்டி முழுக்கப் புதுப் பெயின்ட். பிழைத்து வந்த சந்தோஷத்தில் அடித்தோம் என்றாள் ஞானகுமாரி. அதை எப்படி நம்பினார்? டேவிட்டுக்கு இரண்டு கிறிஸ்மஸுக்கும் கேக் வேறு கொடுத்தாயிற்று.

டேவிட் மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். ஜேசுராஜ் கேட்டே விட்டார்.

"நா எங்கண்ணே ஓட்டுனேன்? எனக்கு ஸ்கூட்டரோட சரி. ஒங்க தலைய மடியில வச்சிகினு பின்னாடி உக்காந்திருந்தேன்."

ஜேசுராஜ் திரும்பினார். ஞானகுமாரி வேம்புலிக்குப் போட்ட காபியோடு வாசலில் நின்றாள்.

"நாந்தான் ஓட்டுனேன். அண்ணனூர் ரயில்வே கேட் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. கூட்ஸ் வந்தா அரை மணி நேரம் நிக்கணும். உள்ள விட்டுட்டேன். வண்டியோட பின்பக்கம் கேட் கம்பத்துல இடிச்சிருச்சு."

பூந்தமல்லித் தம்பிதான் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, வித்தியாசம் தெரியாமலிருக்க முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்துக் கொடுத்தானாம். ஒரு பைசா வாங்கவில்லையாம்.

கேட்க எவ்வளவோ இருந்தது. ஜேசுராஜின் வாயில் வந்தது இதுதான். பழக்கதோஷம்.

"கார் ஓட்ட யாரு கத்துக்குடுத்தா?"

"யாரும் இல்ல. ஏழு வருஷம் பக்கத்துல உக்காந்து ஒங்க கையையும் காலையும் பாத்ததுதான். அன்னைக்குத்தான் மொதத் தடவ." காபியைப் படியில் வைத்தாள். "அதுல ஏறினாலே அந்தக் கேட்டுதாங்க கண்ணுல நிக்குது. என்னால முடியல."

ஜேசுராஜுக்கு வெட்கமாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் டேவிட் நிற்பதையும் மறந்து அவருக்கு அழுகை வந்தது.

மாருதி போனது போனதுதான். இனி பஸ்தான் என்று அவளிடம் சொன்னார். அவள் சரியென்று தலையசைத்தாள்.

பீடியை முடித்துக்கொண்டு வந்த வேம்புலியிடம் சாவியை நீட்டினார். அவன் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வேம்புலி சாவியைத் தொடவில்லை. மூவாயிரத்தை ஒரு வார்த்தை பேசாமல் விட்டுக்கொடுக்கிற மனிதனை அவன் இத்தனை வருடத் தொழிலில் பார்த்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேரும் அழுதிருந்தார்கள்.

இவர்கள் இன்னும் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவனுக்கு உறுதியாகிவிட்டது. தோளிலிருந்த துண்டைத் தரையில் விரித்து, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான்.