உளுந்தில் கல் பொறுக்கிய கை

கோமதியின் இட்லிக் கடைச் சுவரில் வரித்துறை ஒரு கேமராவைப் பொருத்தியிருந்தது. கடைக்குள் அவளைத் தவிர எந்தக் கை வேலை செய்தாலும் அதை ஊழியராகப் பதிந்து, தலைக்கு இவ்வளவு என்று ஆள்வரியை அன்றன்றே பிடித்துக்கொள்ளும். அதற்கு ஈடுகொடுக்க முடியாமல்தான், உதவிக்கு இருந்த பெண்ணை அவள் கண்ணீரோடு அனுப்பினாள்.

கணவர் சங்கரபாண்டியனுக்கு முதல் பக்கவாதத்தில் இடக்கை போயிற்று. இரண்டாவதில் தளர்ந்த வலக்கை மெல்லத் தேறிக்கொண்டிருந்தது. அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், அடுப்பருகே அமர்ந்து உளுந்தில் கல் பொறுக்குவார். ஒருநாள் கேமரா அவரையும் ஊழியராகப் பதிந்தது.

"ஒரு கல்லு பொறுக்க ஒரு நாழி ஆகுது. எனக்குமா வரி, ஏளா?" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க. இனிமே கடையில எதையும் தொடாதீங்க" என்றாள் கோமதி. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை. அவள் மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு வருகையில், அவரருகே அடுப்பில் பால் பொங்கியது.

"ஏளா கோமு, பால் பொங்குது. நான் அணைச்சா வரி வருமா?"

அவள் சுவரிலிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். "வந்தா வரட்டும். அணைங்க."

அவர் முயன்றார். மாதக்கணக்கில் மடியிலேயே கிடந்த கை, அவள் சொன்ன பிறகும் எழவில்லை.