இருபத்தொரு கடலை

மழைக்காலத்துக்காகத் தினம் ஒரு கடலை சேர்க்கப்போவதாக அணில் சொன்னது. ரைஸ்மில் கதவிடுக்கில் நுழையும் அளவுக்கு இளைக்கத் தினம் பத்துச் சுற்று ஓடப்போவதாக அதன் நண்பன் பெருச்சாளி சொன்னது. இருபத்தொரு நாள் கெடு. அதுவரை காலையில் மதிலுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று கணக்கு ஒப்பிக்க வேண்டும்.

"பத்துச் சுத்து முடிஞ்சுது!" என்று பெருச்சாளி கத்தும்.

"இன்னிக்கும் ஒண்ணு சேர்த்துட்டேன்!" என்று அணில் கத்தும்.

உண்மையில் மூன்றாம் நாளிலிருந்தே அணில் கடலையை வழியிலேயே தின்றுவந்தது. மதிலடிப் பொந்தில் இருந்தவை இரண்டே கடலைகள். கெடு நெருங்க நெருங்க அதற்குத் தூக்கம் போயிற்று. இளைத்துப் போன பெருச்சாளி வந்து பொந்தை எட்டிப் பார்த்தால் மானம் என்ன ஆவது?

கெடு முடிந்த மறுநாள் பெருச்சாளி மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தது. முன்னைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"மன்னிச்சுடுடா," என்று அழுதது. "நேத்து பசி தாங்காம உன் பொந்துல இருந்ததையெல்லாம் தின்னுட்டேன்."

அணிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டது.

"இருபத்தொண்ணும் போச்சா? சரி விடு, நீதானே தின்னே."

இருபத்தொன்றா? பெருச்சாளி அழுகையை நிறுத்தியது. அணிலைப் பார்த்தது. பிறகு, ஒரு நாள்கூட ஓடாத தன் தொப்பையைப் பார்த்தது.

"ஆமாடா," என்றது. "அத்தனையும் தின்னதுலதான் இப்படி ஊதிட்டேன். நேத்து வரைக்கும் ஒல்லியாத்தான் இருந்தேன்."