பிளவுஸ் மாடல்

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுவதற்கு முன் அதிலிருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றச் சொல்லிவிட்டு, தணிகாசலம் ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். பழையது அவனுடைய முதல் மனைவி குமுதவல்லியுடையது. அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இறந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இப்போதைய மனைவி சுகந்தி இரண்டையும் வைஃபையில் இணைத்து, எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பினாள். பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி நின்றது. ‘பிளவுஸ் மாடல்’ என்ற பெயரில் இங்கே ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துவிடலாமா என்று திரை கேட்டது.

புதியதில் அந்தப் பெயரை வைத்தவள் சுகந்திதான், அவன் ஒருநாளும் திறந்து பார்க்கமாட்டான் என்பதற்காக. பழையதில் இருந்ததைத் திறந்தாள். அவளுடையதைப் போலவே அதிலும் ஒரு பிளவுஸ்கூட இல்லை. மூலை உடைந்த அதே குளியலறைக் கண்ணாடியில் வேறொருத்தியின் கன்றிப்போன தோள், விரல் பதிந்த கழுத்து, வீங்கிய உதடு.

“இன்னுமா முடியல?” என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. “வேண்டாததையெல்லாம் அழிச்சிடு.”

“வேண்டாதது ஒண்ணும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

குமுதவல்லியின் படங்கள் ஒவ்வொன்றாக வந்து அவளுடையவற்றோடு கலந்து நின்றன. முகம் தெரியாத ஒரு முழங்கையின் முன் சுகந்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.