கணுக்கால் தண்ணீர்

கல்லடி வாவிக்கரையில் வெயில் சாய்கிறது. நான்காவது பிள்ளையான இரண்டு வயது நிதுர்ஷன் தண்ணீரில் இடுப்பு நனையக் குந்தியிருந்துகொண்டு, சேற்றை அள்ளி வாயில் வைக்கிறான். கரையில் அம்மா இறால் உரிக்கிறாள். கோதுகள் அவள் காலடியில் மினுங்குகின்றன. மூத்தவள் கஜானிக்குப் பத்தொன்பது வயது. அவள் நடை பழகிய காலத்தில், வாவிக்குப் போய்விடுவாள் என்று பயந்து, இதே அம்மா அவளைப் பழஞ்சேலையால் யன்னல் கம்பியில் கட்டி வைத்திருந்தாளாம். "அம்மா, தம்பி சேத்தத் தின்னுறான்." "தின்னட்டும் மகள், ஒண்டும் செய்யாது." அம்மா நிமிரவேயில்லை. தனக்கு வருவது கோபமா, பொறாமையா என்று கஜானிக்கு விளங்கவில்லை. தம்பியைத் தூக்கப் பாவாடையைச் சற்று உயர்த்திக்கொண்டு கணுக்காலளவு தண்ணீரில் இறங்குகிறாள். இறால் சட்டி கவிழ்கிறது. அம்மா பதறி எழும்பி, கஜானியையே பார்த்தபடி நிற்கிறாள். "அங்கால போகாத புள்ள, ஆழம்."