கை படாத காசு

கல்யாணமான புதிதில் சிந்துவுக்குத் தூக்கத்தில்கூடக் கேட்ட சத்தம் அது. கணவன் பிரசாத் ஓசை பார்க்கத் தரையில் சுண்டிவிடும் பழைய காசு சுற்றிச் சுற்றி, தாளம் குறுகி, கடைசியில் படபடத்து அடங்கும் சத்தம்.

அன்று காலை அதே சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது. ஆனால் அடங்கவில்லை. பாதியில் நின்றுபோனது.

ஓடிப் போய்ப் பார்த்தாள். மூன்று வயது மகள் கவியா தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில், பிரசாத் காசு சேர்த்து வைக்கும் பெட்டிகளில் ஒன்று திறந்து கிடந்தது.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை கார் பறந்தது. பிள்ளையின் வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த பிரசாத் திரும்பாமலே கேட்டான்.

"எந்தக் காசு முழுங்குனா?"

சிந்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளை மூச்சு விடுதான்னு கேளுங்க முதல்ல!"

ஆஸ்பத்திரியில் பேசக்கூட நேரமில்லை. டாக்டர் வெற்றிச்செல்வி எக்ஸ்ரேயைப் பார்த்த கையோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து கவியா வீறிட்டு அழுதாள். சிந்து அந்த அழுகையைக் கேட்டுத்தான் மூச்சு விட்டாள்.

மறுநாள் காலை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கவியா வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். பிரசாத் டாக்டர் முன்னால் போய்த் தயங்கி நின்றான்.

"டாக்டர்... அந்தக் காசு?"

"என்கிட்டதான் இருக்கு."

"அது சாதாரண அஞ்சு ரூபா இல்லைங்க. புழக்கத்துக்கு அடிச்சதே இல்ல. சேக்கறவங்களுக்குன்னு தனியா அடிச்சு, பெட்டியில வச்சு விக்கிறது. கை பட்டா ரேகை விழுந்துரும். நானே கையுறை போட்டுக்கிட்டுதான் தொடுவேன்."

"உங்க பொண்ணு உறை போட்டுக்கிட்டு முழுங்கலையே சார்."

நர்ஸ் வேணி களுக்கென்று சிரித்தாள். பிரசாத் சிரிக்கவில்லை.

"செட்டுல ஒண்ணு குறைஞ்சா செட்டே போச்சுங்க டாக்டர். கொடுத்துருங்க."

"எடுத்த காசை நான் திருப்பித் தர்றதில்ல. நானும் சேக்கறேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"டப்பா நிறைய வச்சிருக்காங்க. ஒத்த ரூபாயைக்கூட விட மாட்டாங்க" என்றாள் வேணி, குரலைத் தாழ்த்தி.

வைத்தியத்துக்கும் பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளை தொண்டையில் கிடந்ததையும் எடுத்துக்கொள்கிற டாக்டர். அதைக் கேட்டு நிற்கிற அப்பன். நல்ல பொருத்தம் என்று நினைத்தாள் சிந்து. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் இப்படியே உடையார்பாளையம் போறேன். அண்ணனை வரச் சொல்லிட்டேன். நீங்க உங்க காசோட குடும்பம் நடத்துங்க."

"ஏய், நான் இப்ப என்ன பண்ணிட்டேன்?"

"பிள்ளை மடியில துடிக்கிறா, நீங்க கேட்டது ஒரே கேள்வி. எந்தக் காசு! செத்தாலும் மறக்க மாட்டேன்."

பிரசாத் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், வாசலில் ஓலம் கேட்டது.

"ஐயோ, எம் பிள்ளை ரெண்டு ரூபாயை முழுங்கிருச்சே!"

விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் கலைமணி. இடுப்பில் இரண்டு வயது மகள் முத்தமிழ். காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் பிள்ளை கையில் எது இருந்தது என்று பார்க்காமல் விட்டவள்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "பயப்படாத. மூச்சு நல்லா இருக்கு. ஆனா காசு இறங்கட்டும்னு வர்ற வழியில சோறு ஊட்டியிருக்க. உடனே மயக்க மருந்து கொடுக்க முடியாது. மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்க."

"மத்தியானம் வரைக்கும் நான் எப்படிங்க உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்?" கலைமணி தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளையும் மிரண்டு அழுதது.

டாக்டர் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். கலைமணியின் மடியில் கவிழ்த்தார். கலகலவென்று காசுகள் கொட்டின. ஐந்து ரூபாய், ஒரு ரூபாய், கறுத்துப்போன ஐம்பது பைசாக்கள்.

"இது எதுக்குங்க டாக்டரம்மா?"

"எல்லாம் பிள்ளைங்க முழுங்கினது. ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு."

கலைமணியின் அழுகை நின்றது. "இத்தனையும் வெளிய வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"பிள்ளைங்க?"

"வூட்டுக்குப் போயிருச்சுங்க."

கலைமணி ஒரு காசை எடுத்தாள். வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். நடுவில் ஒன்று மட்டும் கண்ணாடிபோல மின்னியது. அதை வேர்த்த விரல்களால் எடுத்து, சேலைத் தலைப்பில் அழுத்தித் தேய்த்தாள்.

சிந்து கணவனைப் பார்த்தாள். இப்போது பாய்ந்து பிடுங்கப்போகிறான்.

பிரசாத் போய்க் கலைமணியின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நல்லா இறுக்கிப் பிடிச்சுக்குங்க தங்கச்சி. நேத்து எம் பொண்ணு முழுங்கினது அது. அதோ, ஓடுறா பாருங்க."

கலைமணி காசை விரல்களுக்குள் மூடிக்கொண்டு, ஓடுகிற கவியாவையே பார்த்தாள்.

சிந்து பையைக் கீழே வைத்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். "நீ வர வேணாம்ண்ணா. இங்க ஒரு பொண்ணு தனியா இருக்கு. நாங்க இருந்து பாத்துட்டு அரியலூர் போறோம்."

அன்று சாயங்காலம் மயக்கம் தெளிந்ததும் முத்தமிழ் இட்லி கேட்டாள்.