தந்தை என்ற பெயர்

"கடவுளைத் தந்தை எண்டு சொல்லிக்குடுக்காத ஆள் இனி மறைக்கல்வி எடுக்கக் கூடாது, சுவாமி."

வின்சன்ட் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியேதான் சொன்னார். பங்குப் பேரவையின் செயலாளர் அவர். கரையில் நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், பங்குக் குருவான சுவாமியின் முன்னால் பேரவையைக் கூட்டியிருந்தார்.

எதிரே திரேசம்மா ரீச்சர் இருந்தார். முதல்நன்மை என்ற முதல் நற்கருணையை எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு அவர்தான் படிப்பிக்கிறவர்.

குற்றம் இதுதான். இயேசு கற்பித்த செபத்தில் "எங்கள் தந்தையே" என்று வரும் இடத்தில், ரீச்சரின் பிள்ளைகள் "எங்கள் ஆயனே" என்கிறார்கள். அன்றைய பூசையில் அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

கடவுளின் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொருள் இருக்கிறது, நினைத்தபடி மாற்ற அது வள்ளத்துக்கு வைக்கிற பெயரில்லை என்றார் வின்சன்ட். தந்தை என்பது இயேசு தன் வாயால் சொல்லித்தந்த பெயர். அதை எடுத்துவிட்டால் நாங்கள் அவருடைய பிள்ளைகள் என்பதும் போய்விடும் என்றார்.

பலர் தலையாட்டினார்கள். ரீச்சரை வேறு ஏதோ சபைக்காரர் பிடித்துவிட்டார்கள் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்.

சுவாமி பொறுமையாகத்தான் கேட்டார். ஆயன், அதாவது மேய்ப்பன் என்பதும் வேதத்தில் உள்ள பெயர்தான், அதில் பிழையில்லை. ஆனால் தந்தையை ஏன் விட்டீர்கள் என்றார்.

தனியாகச் சொல்கிறேன் என்றார் திரேசம்மா.

"தனிய என்னத்துக்கு? ஒளிக்க என்ன கிடக்கு?" வின்சன்ட் விடவில்லை. காரணத்தை இங்கேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பை இன்றைக்கே விட வேண்டும் என்றார்.

திரேசம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சுவாமியை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"வகுப்பில ஒரு பிள்ளைக்கு அந்தச் சொல் வாயில வருகுதில்லை, சுவாமி. கடவுள் எங்கட தகப்பன் மாதிரி எண்டு நான் சொன்ன அண்டைக்கு, அப்ப கடவுளும் அடிப்பாரோ எண்டு கேட்டுது. அந்தப் பிள்ளை தனிச்சுப் போகக் கூடாதெண்டுதான் எல்லாரையும் ஆயனே எண்டு சொல்ல வைச்சனான். பயம் தெளியட்டும், பிறகு தந்தை எண்டு சொல்லுவிப்பம் எண்டு நினைச்சன்."



முதலில் பேசியது வின்சன்ட்தான். அப்படிப்பட்ட தகப்பன் எவனென்று தெரிய வேண்டும், பேரவை அவனைக் கூப்பிட்டு விசாரிக்கும் என்றார். அவருடைய குரல் இன்னும் உயர்ந்திருந்தது.

"ஆரெண்டு சொல்லுங்கோ, ரீச்சர்."

"சொன்னால் அதுக்கும் அந்தப் பிள்ளைக்குத்தான் அடி விழும்."

இது கட்டுக்கதை என்றார் வின்சன்ட். பெயர் சொல்ல முடியாது என்றால் அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்றுதான் அர்த்தம். அடுத்த ஞாயிற்றிலிருந்து வகுப்புக்கு வேறு ஆளைப் போடுவோமா என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். சில கைகள் உயர்ந்தன. திரேசம்மா எழுந்தார்.

அப்போதுதான் வாசலில் நின்ற பிள்ளைகளுக்குள்ளிருந்து கிருஷிகா உள்ளே வந்தாள். எட்டு வயது. முதல்நன்மை வகுப்புப் பிள்ளை. நேரே சுவாமியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ரீச்சரை நிப்பாட்டாதேங்கோ, சுவாமி. நான் சரியாச் சொல்லுறன்."

கைகளைக் கூப்பினாள்.

"விண்ணுலகில் இருக்கிற எங்கள்..."

அடுத்த சொல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு முறை தொடங்கினாள். அதே இடத்தில் நின்றது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வின்சன்ட் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அவளுக்குக் கிட்டப் போனார். தலையைத் தடவிக்கொடுக்கக் கையைத் தூக்கினார்.

பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"அடிக்காதேங்கோ, அப்பா. சொல்லுறன்."