புது சைலன்சர்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து இன்சூரன்ஸ் ஆபீஸில் கொலீன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அர்மான், உங்க நாலு சக்கர பைக் திருடு போயிடுச்சா, இல்லையா?"

"போகலை. காட்டுப் பாதையிலதான் நிக்குது. அவன்தான் கிட்டவே விடமாட்டேங்கறான்."

"எவன்?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? எதிர்ல வந்தான், நான் குதிச்சு ஓடிட்டேன். நேத்துலேர்ந்து வண்டியை உரசிக்கிட்டே நிக்கிறான். விளக்கு ரெண்டும் போச்சு."

"போலீசைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"வந்தாங்க. தூரத்துலேர்ந்து பார்த்துச் சிரிச்சாங்க. அவன் ஆசை தீர்ற வரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

கொலீனுக்கு ஒன்றும் புரியவில்லை. "குடிகாரனா?"

அர்மான் கழுத்தைச் சொறிந்தார்.

"ஆம்பளை மூஸும்மா, பெரிய காட்டு மான். குதிரையைவிட உயரம். இது அதுங்க ஜோடி தேடற மாசம். நான் போன வாரம் வண்டிக்குப் புது சைலன்சர் மாட்டினேன். அதோட முனகல் பொட்டை மூஸ் கூப்பிடற மாதிரியே இருக்கு போல."

கொலீன் பேனாவை மூடினாள்.

"புதுசா மாட்டினதை எங்ககிட்ட சொல்லவே இல்லையே. கிளெய்ம் கிடைக்காது அர்மான். பேசாம அவனுக்கே கட்டிக் கொடுத்துடுங்க."